பெரிய வெள்ளியன்று கரையூரில் பூநாரை பார்த்தது

மலைநாட்டு நாவலப்பிட்டிக்கு மாற்றம் என்று கடிதம் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பூநாரை. வீடு, வளவு, மாமி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தன. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடமாக மாசி, பங்குனி மாதங்களில் சைக்கிள் மிதித்துக் கடல்நீரேரிக் கரைக்குப் போய், அரை மைலுக்கு அப்பால் தண்ணீரின் மேல் மெல்லிய ரோசாக் கோடு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்தக் கோடுதான் பூநாரைக் கூட்டம். வட்டுக்கோட்டையில் படிப்பிக்கிற நண்பர் ஒருவர், பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்துத்தான் சாப்பிடும் என்று சொல்லியிருந்தார். மேலலகு கீழேயும் கீழலகு மேலேயுமாக எந்தச் சீவன் சாப்பிடும்? நான் நம்பவில்லை. நம்பாமல் விடவும் முடியவில்லை.

ஞாயிறு பின்னேரம் கோச்சி ஏறி நான் போயாக வேண்டும். பூரணம் வருவாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. பூரணம் என் மனைவி. எங்கள் பக்கத்தில் உத்தியோகத்துக்காகத் தெற்கே போகிறவன் தனியே போவதும், மனைவி தாய் வீட்டோடு இருப்பதும், வருடத்துக்கு இரண்டு தடவை லீவில் வந்து முகம் காட்டுவதும் வழக்கம். மாமி அப்படித்தான் நடக்கும் என்று பேசாமலே தீர்மானித்துவிட்டார். பூரணத்திடம் கேட்டால், "பாப்பம்" என்பாள். ரயில் பயணத்துக்கு அரசாங்கம் தருகிற பத்திரத்தில் எத்தனை பேர் என்று எழுதுகிற இடத்தை நான் வெறுமையாகவே வைத்திருந்தேன். தனியாகப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் வா என்று வற்புறுத்தவும் பயமாக இருந்தது. வந்து அந்தக் குளிரிலும் மழையிலும் அவள் அழுதால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை, நான் எழுத்தராக இருக்கிற கந்தோருக்கு லீவு. சனி சாமான் கட்ட வேண்டும். ஆகவே வெள்ளி ஒரு நாள்தான் கையில் இருந்தது. "பறவை பார்க்கப் போறன், நீரும் வாறீரோ?" என்று கேட்டேன். கலியாணம் முடித்து நாலு வருடத்தில் முதல் தடவையாக, "ஓம், வாறன்" என்றாள். மலைக் குளிருக்குப் பட்டணத்தில் கம்பளி வாங்கலாம் என்று நினைத்திருப்பாள் என நான் எனக்குள் கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பிலிருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பஸ்சில் போனால் ஆளுக்குப் பதினைந்து சதம், ஒரு மணித்தியாலத்தில் பட்டணம். ஆனால் கொக்கு நிற்கிறது என்று பஸ்சை நிறுத்த முடியாது. அதனால் எங்கள் அயலவர் கந்தர் அண்ணையின் ஒற்றை மாட்டு வண்டியை நாள் முழுதுக்கும் இரண்டு ரூபாய்க்குப் பேசினேன். போகவும் வரவும் இருபத்துநாலு மைல். கந்தர் அண்ணைக்கு எல்லாப் பறவையும் கொக்குத்தான். ஆனால் நிறுத்து என்றால் முகம் சுளிக்காமல் நிறுத்துவார்.

முதல் இடம் ஊர் எல்லையில் உள்ள குளம். ஐந்தரைக்கெல்லாம் கிழக்கு வெளுத்துவிட்டது. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கி, ஓரம் எல்லாம் மாட்டுக் காலடி பதிந்த சேறு. தாமரை இலைகளுக்குள் இரண்டு முக்குளிப்பான்கள் மாறி மாறி முழுகின. ஒன்று கீழே இருக்கும்போது மற்றது மேலே நிற்கும். எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு மேல் எண்ண விடவில்லை. பூரணம் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. எந்தப் பெட்டிக்குள் எதை வைப்பது என்று விரல் மடித்துக் கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நாலு மைல் வட்டுக்கோட்டை. ஏழு மணி. வெட்டு முடிந்த வயல்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் தங்கிய பள்ளங்களில் மார்கழியில் நூற்றுக்கணக்கில் காட்டு வாத்துகள், நாங்கள் சொல்கிற தாராக்கள், கிடக்கும். இன்று எண்ணிப் பார்த்தால் ஏழு. வடக்கேயிருந்து வந்தவை வடக்கே திரும்பத் தொடங்கிவிட்டன. பஞ்சாங்கம் இல்லாமல் அவற்றுக்கு எப்படி நாள் தெரிகிறது? வெயிலா, காற்றா, தண்ணீர் வற்றுவதா? வற்றுவதுதான் காரணமென்றால் இந்த ஏழும் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன? கந்தர் அண்ணையிடம் கேட்டேன்.

"எல்லா வீட்டிலையும் வெளிக்கிடப் பிந்துற ஆள் ஒண்டு இருக்கும்தானே, தம்பி," என்றார்.

பூரணம் வண்டிக்குள்ளிருந்து சிரித்தாள்.

இன்னும் நாலு மைல் போனால் அராலியைத் தாண்டிக் கல்லுண்டாய் வெளி. மரம் மருந்துக்கும் இல்லாத உவர் நிலம். இடையிடையே உள்ளங்கால் நனையும் அளவு தண்ணீர். எட்டரை மணி. அங்கே வண்டியில் இருந்தபடியே புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை, ஆகவே மீன் மச்சம் இல்லை. உள்ளான்கள் ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாக இருந்தன. அவற்றுக்கு நடுவே கறுப்புச் செட்டையும் மெல்லிய சிவப்புக் காலுமாக ஒரு சோடி நெடுங்கால் உள்ளான்கள்.

"இஞ்சாருங்கோ, உதுகளுக்கு ஏன் உவ்வளவு நீளக் கால்?" என்று பூரணம் கேட்டாள். அவள் பறவையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஆழத்திலை நிண்டு சாப்பிட."

"ஆழத்திலை நிக்கேல்லையே. கரையிலை நிண்டு கஷ்டப்பட்டுக் குனிஞ்செல்லோ பொறுக்குதுகள்."

நான் தூரக்கண்ணாடியால் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இரவல் வாங்கிய அந்தக் கண்ணாடியில் ஒரு கண் மங்கல், மற்றது நல்லது. நல்ல கண் எது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன்.

பத்து மணிக்குப் பட்டணத்துக் கரையூரில் இறங்கினோம். குருநகர் என்றும் சொல்வார்கள். மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் நெருங்கி வாழும் கரை. என் திட்டம் சுலபமானது: ஒரு வள்ளம் பிடிப்பது, ரோசாக் கோட்டை நோக்கி மெல்லக் கோலால் தாங்கிக்கொண்டு போவது, தலைகீழ்ச் சாப்பாட்டு விஷயத்தைத் தீர்ப்பது. பூரணத்தைக் கரையில் ஒரு பூவரச மர நிழலில் இருத்தி, கண்ணாடியையும் அவள் மடியில் வைத்துவிட்டுப் போனேன்.

வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. வலை ஒன்றும் காயப் போட்டிருக்கவில்லை. மீன் வாடை மட்டும் பழையபடி இருந்தது. முதல் ஒழுங்கையில் கேட்டவர் தலையாட்டி மறுத்தார். அடுத்தவரிடம் ஒரு ரூபாய் என்றேன். அவர் நான் ஏதோ பேசக்கூடாததைப் பேசியதுபோல உள்ளே போய்விட்டார். மூன்றாவது வீட்டில் ஒன்றரை என்றேன். நாலாவதாகச் சூசை அண்ணை என்று ஒருவர், வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா எந்த ஊர்?"

"பண்டத்தரிப்பு. அவசர அலுவல் ஒண்டு. ஒரு மணித்தியாலம் வள்ளம் தந்தால் போதும்."

"இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமே?"

"வெள்ளிக்கிழமை."

"பெரிய வெள்ளி, ஐயா. ஆண்டவர் மரிச்ச நாள். வியாழன் பின்னேரம் கரையேத்தின வள்ளம், நாளைக்குக் காலமை கோயில் மணி அடிச்ச பிறகுதான் இறங்கும். உங்கடை தேர்த் திருவிழாவண்டு, தேரை விட்டிட்டு மிளகாய்க்குத் தண்ணி இறைப்பியளோ?"

எனக்கு முகம் சிறுத்துப் போனது. ஏழு வருடமாகக் கந்தோரில் வருடாவருடம் இந்த லீவை அனுபவிக்கிறேன். கலண்டரில் பெயரும் போட்டிருக்கிறது. அது ஆருக்கோ ஒரு துக்க நாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. லீவு என்றால் லீவு. அவ்வளவுதான் எங்கள் எழுத்தர் வர்க்கத்துக்குத் தெரியும். தூரத்தில் கோயிலில் பசாம் படிக்கிற குரல் கேட்டது. யேசுவின் பாடுகளை அழுகுரலில் இராகமாக வாசிப்பதுதான் பசாம். மணிக்குப் பதிலாகப் பலகையைத் தட்டினார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். வழி முழுக்க என் மேலேயே எனக்குக் கோபம். மூன்று வருடம் காத்திருந்தது வீண், பூரணத்தையும் வெயிலில் இழுத்து வந்தது வீண். இனி அவள் என்னோடு எங்கே வரப்போகிறாள் என்றும் நினைத்தேன்.

பதினொன்றேகாலுக்குப் பூவரசடிக்கு வந்தேன். பூரணம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்காமல் மற்றக் கையைப் பின்னால் நீட்டி, நில் என்று காட்டினாள்.

"சத்தம் போடாதையுங்கோ. இருங்கோ."

இருந்தேன். அறுபது கெஜத் தூரத்தில் பூநாரைகள் நின்றன. கோடு இல்லை; ஒவ்வொன்றாக, காலும் கழுத்துமாக, எண்ணக்கூடிய பறவைகள். ஏறக்குறைய நூறு இருக்கும். பின்னுக்கு நின்ற ஒன்று செட்டையை விரித்தபோது உள்ளே இரத்தச் சிவப்பும் கரையில் கறுப்பும் தெரிந்தன. தாரா கதைப்பதுபோலத் தங்களுக்குள் ஓயாமல் கதைத்தன.

"தலையைக் கவிட்டுத்தான் சாப்பிடுதுகள்," என்றாள் பூரணம், மெதுவாக. "முதல் காலாலை சேத்தை மிதிச்சுக் கலக்குதுகள். பிறகு தலையைக் கவிட்டு இஞ்சாலையும் அங்காலையும் அரிக்குதுகள், நாங்கள் அரிசி அரிக்கிற மாதிரி. மேற்சொண்டு கீழை. நான் ஒரு மணித்தியாலமாப் பாக்கிறன்."

பிறகுதான் கண்ணாடியைத் தந்தாள். நண்பர் சொன்னது முழுக்க உண்மை. சந்தோஷத்தில் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

கோயிலுக்குப் போகிற வழியில் சூசை அண்ணை எங்களைக் கண்டு வந்து நின்றார். "உதைப் பாக்கவோ ஐயா வள்ளம் கேட்டனீங்கள்?"

"ஓம்."

"வள்ளம் போனால் உதுகள் நிக்குமே? நாங்கள் நெடுகக் கடலிலை நிக்கிறபடியால்தான் உதுகள் தூரத்திலை. வருஷத்திலை இந்த ஒரு நாள்தான் ஆள் அரவமில்லாமல் கரைக்கு வாறது."

"அப்ப ஏன் அண்ணை அதை எனக்குச் சொல்லேல்லை?"

"அலுவல் எண்டெல்லோ சொன்னனீங்கள். நாரை பாக்கவெண்டு சொல்லேல்லையே."

சொல்ல வெட்கப்பட்டுத்தான் அலுவல் என்றேன். உத்தியோகத்தன் நாரை பார்க்க வந்தான் என்றால் சிரிப்பார்கள் என்று எனக்கு எண்ணம். இப்போது மூவருமே சிரித்தோம், வாயைப் பொத்திக்கொண்டு. அவர் அன்று தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம். எங்களுக்கு மட்டும் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். கம்பளிக் கடைகள் பூட்டியிருந்தன. அதைப் பற்றிப் பூரணம் ஒன்றும் சொல்லவில்லை. வட்டுக்கோட்டையில் அந்த ஏழு தாராக்கள் நின்ற பள்ளத்தைக் கண்டதும் கேட்டாள்.

"நாவலப்பிட்டியிலை குளம் இருக்கோ?"

"குளம் தெரியாது. ஆறு இருக்குதாம்."

"ஆத்திலை என்ன நிக்கும்?"

"தெரியாது, பூரணம்."

வருகிறீரா என்று நான் அப்போதும் கேட்கவில்லை. வீடு வரப் பின்னேரம் ஆறு மணி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. குளங்களுக்கு விடியற்காலை போங்கள். ஏழு மணிக்குப் பிறகு மாடுகள் இறங்கிவிடும். காட்டுத் தாரா வேண்டுமானால் மாசிக்கு முன் போக வேண்டும், பங்குனியில் மிச்சம் சொச்சம்தான். கல்லுண்டாயில் நிழல் இல்லை, குடை கட்டாயம். கரையூருக்குப் பெரிய வெள்ளியன்று போனால் வள்ளம் கேட்காதீர்கள், உரத்துப் பேசாதீர்கள், அது அந்தச் சனங்களின் துக்க நாள் என்பதை மறவாதீர்கள். எதற்காக வந்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் அலைந்து திரிந்தாலும் மற்றவர் ஓரிடத்தில் இருந்து பார்ப்பார்.

இதை எழுதிக்கொண்டிருப்பது நாவலப்பிட்டியில். வெளியே மழை. எழுதியதை வாங்கி வாசித்த பூரணம், இரண்டு இடத்தில் விரலை வைத்தாள். கம்பளிக்காக அவள் வரவில்லையாம்; என்னை மூன்று வருடமாக இழுத்துக்கொண்டு திரிகிறது எது என்று பார்க்கத்தான் வந்தாளாம். மற்றது, பூநாரை ஏறக்குறைய நூறு இல்லையாம்.

"மூண்டு தரம் எண்ணினது நான். நீங்கள் வள்ளம் தேடித் திரிஞ்சனீங்கள். நூற்றிப் பதினெட்டு எண்டு திருத்துங்கோ."

திருத்திவிட்டேன்: நூற்றுப் பதினெட்டு.