தணலில் ஊற்றிய வாசனை எண்ணெய்

ராஜபாளையத்தில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; ஆனாலும் என் சோப்பைக் குறை சொன்னவர் கிடையாது.

பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கும் பிறந்த பேரனுக்கும் ஒரு நாள் தலைக்கு ஊற்றி, ஈரம் காயப் புகை போடப் போனேன். சாம்பிராணி தீர்ந்திருந்தது. சோப்புக்கு வாங்கிய சாம்பிராணி வாசனை எண்ணெய் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று எடுத்தேன்.

“எம்மா, அது சோப்புக்குல்லா? நெருப்புல ஊத்தாத!” என்றாள், பிள்ளையை மடியில் வைத்திருந்த மகள்.

“ஏட்டி, ஒன்னய வளத்தவளுக்கே படிச்சுக் குடுக்கியா?” என்று தணலில் ஊற்றினேன்.

குப்பென்று தீ எழுந்து, அறை முழுக்கக் கரும்புகை. பிள்ளை இருமினான், பிறகு சத்தமே இல்லை. மகள் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். காற்றுப் பட்ட பிறகுதான் வீரிட்டு அழுதான். தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதில், டாக்டர் பயமில்லை என்றார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன்.

“அவன் உறங்கிட்டான். நீ செத்த நேரம் படும்மா” என்றாள் மகள்.

அதன் பிறகு பிள்ளைக்குப் புகையே போடவில்லை. துண்டால் துவட்டுவதோடு சரி. மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். புது வாசனை எண்ணெய் வாங்கினால், வீடியோ காலில் பாட்டிலில் எழுதியிருப்பதைக் காட்டி அவளை வாசிக்கச் சொல்கிறேன். “முழுசா வாசி, பாதிய முழுங்காத” என்று அதட்டித்தான் கேட்பேன்.