எண்பத்தேழு மடங்கு பெட்டி

என் மச்சான் லீலண்ட் கிரெப்ஸிடம் ஒரு ரயில் எஞ்சின் இருக்கிறது. ஒரு நாளும் அதை அவன் ஓட்டியதில்லை. பித்தளையில் செய்த பொம்மை எஞ்சின் அது. பொம்மை என்று அவன் காதில் விழும்படி சொன்னால் அன்றைக்குக் காபி கிடைக்காது. தொடுவதற்கு வெள்ளைக் கையுறை வேண்டும், தினமும் பட்டுத்துணியால் துடைக்க வேண்டும்.

"என் மூஞ்சியை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா?" என்பாள் அவன் மனைவி, என் தங்கை ஆர்லீன்.

எங்கள் மில்ஃபோர்க்கில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் லீலண்ட். பென்சில்வேனியா மலைகளில் நிலக்கரி இழுத்த 417ஆம் எஞ்சின் ஊர்ப் பூங்காவில் துருப்பிடித்து நிற்கிறதே, அதை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய அச்சு அசல்தான் அவனுடைய பித்தளை. பழைய போட்டோவைப் பார்த்து ஜப்பான்காரர்கள் ஒரு திருகாணி விடாமல் செய்திருந்தார்கள். ஒரே ஒரு சிக்கல். பித்தளையில் பாய்லர் ஓரமாக உளுந்தளவு ஒரு பெட்டி இருந்தது, நிஜ எஞ்சினில் அது இல்லை.

"தண்ணியச் சூடாக்குற பெட்டிடா அது. கழண்டு விழுந்திருக்கும்" என்றான் லீலண்ட்.

"உன் தலை. எண்ணெய்ப் பெட்டி" என்றான் நார்பர்ட் யோஸ்ட். அவனிடமும் அதே எஞ்சின் உண்டு.

ரயில் கிளப்பில் செவ்வாய்க்கிழமை தவறாமல் இந்தச் சண்டைதான். கடைசியில் பந்தயம் கட்டினார்கள். தோற்றவன் தன் பித்தளை எஞ்சினை ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து லீலண்டுக்குத் தூக்கம் போயிற்று.

பூங்கா எஞ்சினைச் சீர்செய்து, நின்ற இடத்திலேயே நீராவி ஏற்றி விசில் ஊத வைப்பதென்று ஊர் முடிவெடுத்தது. பெட்டி வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக நின்றார்கள். பித்தளையை அளந்து, எண்பத்தேழு மடங்கு பெரிதாக்கி, இரும்பில் செய்து பற்றவைத்தார்கள். எண்ணெய் ஊற்ற மூடி வேண்டும் என்று நார்பர்ட் அடம்பிடித்ததால் மூடியும் வைத்தாயிற்று.

விழா நாளில் பாய்லர் கொதிக்க, ஊரே கூடியது. பந்தயம் முடிந்தாலும் முடியலாம் என்று இருவரும் தங்கள் பித்தளைகளோடு வந்திருந்தார்கள். மாதா கோயில் பெண்கள் போட்டிருந்த பிரோகிக் கொழுக்கட்டைக் கடையிலிருந்து டோரதி ஹூடக் எட்டிப் பார்த்தாள். அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவரின் மகள். பெட்டியைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, யாருய்யா இதை அங்க ஒட்டினது? எங்கப்பாவோட சாப்பாட்டு டப்பா அது. சூடா இருக்கட்டும்னு அங்கதான் சொருகி வைப்பாரு. போட்டோ புடிக்க வந்தப்பக்கூட எடுக்கலியா மனுஷன்?"

லீலண்டின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் மத்தியானச் சோற்றுக்காக இத்தனை செவ்வாய்க்கிழமைகளா!

டோரதி ஒரு தட்டு உருளைக்கிழங்கு பிரோகியை வெண்ணெயும் வெங்காயமுமாக ஒரு டப்பாவில் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினாள். விசில் ஊதி முடித்துத் திறந்தபோது ஆவி பறந்தது.

லீலண்ட் ஒன்றை வாயில் போட்டான். "சூடாக்குற பெட்டின்னு நான் சொன்னேனா இல்லியா?"

நார்பர்டும் ஒன்றைக் கடித்து, தன் தாடையில் வழிந்த வெண்ணெயைக் காட்டினான். "அப்ப இது என்ன, தண்ணியா? எண்ணெய்ப் பெட்டிதான்."

"ரெண்டு பேருமே தோத்தீங்க" என்றாள் டோரதி. "ஒழுங்கா அவங்கவங்க எஞ்சினத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

லீலண்ட் போகவில்லை. தன் பித்தளையை வெறுங்கையால் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"தொட்டுப் பாருங்கக்கா. உங்கப்பா டப்பா."

அவள் வெண்ணெய் விரலால் அந்த உளுந்தைத் தடவிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போதும் அவன் தினமும் பட்டுத்துணி எடுத்து எஞ்சினைத் துடைக்கிறான். அந்த விரல் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிடுகிறான்.