கூரை வெட்டிய கார்

கூரையுள்ள காரை விலை கொடுத்து வாங்கி, அதற்கு மேலும் செலவு செய்து கூரையை வெட்டிப் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவர் என் சித்தப்பா. வெட்டியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தடுக்கும் வயதில்லை எனக்கு. இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன், ஏனென்றால் வேடிக்கை அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ரோட்டிலிருந்து பெரிய தெரு வழியாகப் போய், அதன் கோடியில் வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் தெரு வரும். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பம். அப்பாவும் அப்படித்தான். சித்தப்பாதான் முதலில் வயலை விட்டு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போனார். மாலையில் அவர் வீடு திரும்பும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். காலையில் இளைஞராகப் போனவர் ஒரே பகலில் கிழவராகி வருவதும், கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றியதும் மறுபடி இளைஞராவதும் எனக்குத் தினமும் பார்க்கக் கிடைத்த வித்தை.

அவர் ஒருநாள் பிளசர் கார் ஒன்றை வாய்க்கால் கரை வழியாக ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். யாரோ ஒரு கான்ட்ராக்டர் ஓட்டித் தேய்த்து, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கித் தேய்த்து, மிச்சமிருந்ததைச் சித்தப்பா வாங்கியிருந்தார். சித்திக்குப் பிறந்த வீட்டில் ஓட்டிவிட்ட கறவை மாடு அதற்காகக் கை மாறியது. சித்தி தடுக்கவில்லை. வண்டி ஓடினால் மாடு இரண்டாகத் திரும்பி வரும் என்று சித்தப்பா சொன்னதை நம்பினார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அதுதான். அன்று தெருவே கூடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயிலில் சுடுகிறது என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டது.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் சமைப்பது, சாப்பிடுவது தவிர நடந்ததெல்லாம் அந்தக் காரை என்ன செய்வது என்ற பேச்சுதான். பழைய வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது, கொஞ்சம் செலவு செய்து மாற்றினால்தான் போட்ட பணத்துக்குப் பலன் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எதை மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. அப்பா டீசல் கட்சி. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினால் பாதிச் செலவில் ஓடும், அரியலூர் ஸ்டேஷனில் நிற்கும் வாடகைக் கார்களில் பாதி அப்படித்தான் ஓடுகின்றன என்றார். திருச்சி பழைய இரும்புக் கடையில் ஓர் எஞ்சினைப் பார்த்துக்கூட வைத்துவிட்டார். சித்தி, பின் சீட்டை எடுத்துவிட்டு எதிரெதிராகப் பலகை போட்டால் எட்டுப் பேரை ஏற்றலாம் என்றார். அம்மா, மேலே கேரியர் போட்டால் ஆண்டிமடத்திலிருந்து முந்திரி மூட்டை ஏற்றலாமே என்றார். நான் மூன்று குரலில் கத்தும் ஹாரன் கேட்டேன். சித்தப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதற்கு, காது கேட்டது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அது சித்திக்குக்கூட அப்போது முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னை முன் சீட்டில் உட்கார வைத்து அரியலூருக்கு ஓட்டிப்போனார். ஹாரன் மாட்டத்தான் போகிறோம் என்று வழி முழுக்க நம்பிக்கொண்டு போனேன். வண்டி ஒரு வெல்டிங் பட்டறையில் போய் நின்றது. பட்டறைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். சித்தப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் கூரையைச் சுற்றிலும் கோடு போட்டார். பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டு, கிளாஸில் இருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"நல்லா ரோசன பண்ணிட்டீங்களா தம்பி? வெட்டுனா ஒட்டாது."

பண்ணியாச்சு என்றார் சித்தப்பா. வீட்டில் சொல்லியாச்சா என்று கேட்டார் பாய். சித்தப்பா அதற்குத் தலையாட்டினார். எதற்கு இப்படி என்று கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் வாய் திறந்து பதில் சொன்னார்.

"கல்யாண வண்டி பாய். பொண்ணு மாப்பிள்ளய ஊரு முழுக்கப் பாக்கணும்."

கூரை ஒரு மணி நேரத்தில் கீழே வந்துவிட்டது. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த காருக்குள் முதலில் ஏறியவள் நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ராணி மாதிரி நாலு பக்கமும் பார்த்தேன். இறங்கலாம் என்று கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. சித்தப்பா இழுத்தார், பாய் இழுத்தார், பட்டறையில் இருந்த எல்லோரும் இழுத்தார்கள். மறுபக்கக் கதவு விரற்கடை திறந்து, அதற்கு மேல் திறக்கவும் சாத்தவும் முடியாமல் மாட்டிக்கொண்டது. பாய் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வண்டி நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. கூரை வெறும் நிழலுக்கு இல்லை, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதுதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இது தனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே விட்டார்.

பாய் நல்ல மனிதர். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்தி, அடியில் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்களைக் கொடுத்துப் பற்றவைத்தார். நாலு கதவுகளையும் சாத்தி, திறக்கவே முடியாதபடி அவற்றையும் பற்றவைத்தார். அதற்கெல்லாம் கூலி வாங்கவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார். "மேடு பள்ளத்துல எறக்கிடாதீங்க, முதுகு ஒடிஞ்சிரும். நல்ல ரோடா பாத்து ஓட்டுங்க."

வாய்க்கால் கரையில் ஊர்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெட்டிய கூரை பின் சீட்டில் இருந்தது. சித்தி வாசலில் நின்று காரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காரின் பக்கச் சுவரைத் தாண்டி இறங்குவதைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சில்லை. சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேச மாட்டார். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் போய்ச் சொல்வேன். வெட்டிய கூரையைக் கோழிக் கூட்டின் மேல் கவிழ்த்துப் போட்டார். அந்த மாற்றத்தால் உடனடியாகப் பலன் பெற்றவை கோழிகள்தான். ஊரில் எங்கள் வண்டிக்கு வெயில் கார் என்று பெயர் வைத்தார்கள். அப்பா ஒரு வாரம் டீசல், டீசல் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் அந்த வண்டியை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு கோழி பின் சீட்டில் முட்டையிட்டது. அந்த வண்டி முதலில் சம்பாதித்தது அதுதான் என்று அம்மா சொல்ல, சித்தி சிரித்துவிட்டு, பிறகு மாட்டுக் கொட்டிலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பாவுக்குத் திறந்த காரின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கல்யாணத்துக்கு டவுனிலிருந்து ஒரு திறந்த காரை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். பஸ் ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். பெரிய தெரு முனையில் யாரோ இரண்டு பேர் வந்து டிரைவரிடம் என்னவோ சொன்னார்கள். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். ரோடு சரியில்லை, வண்டி இதற்கு மேல் போகாது என்றார். எல்லோரும் இறங்கி, வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனோம். முந்தின நாள் மழை. கூறைப்புடவையின் கரை முழுக்கச் சேறாகி, சித்தி அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சித்தப்பா முன்னால் நடந்தார். நான்தான் வழியெல்லாம் அழுதேன், காரிலிருந்து இறக்கிவிட்டார்களே என்று. நாலு நாள் கழித்து அம்மாவிடம் கேட்டேன். ரோடு சரியில்லை என்றுதான் அம்மாவும் சொன்னார்.

தை பிறந்ததும் அத்தை மகனுக்குக் கல்யாணம் வந்தது. அத்தை வீடும் எங்கள் தெருவில்தான். வண்டியைத் துடைத்து, சாமந்திச் சரம் சுற்றி, அப்பா மூங்கிலில் செய்த மூன்று படி ஏணியைப் பின்னால் கட்டினார்கள். கதவு திறக்காத வண்டியில் பெண் எப்படி ஏறுவாள்? டீசல் போச்சே என்ற துக்கத்திலும் அப்பா அதை யோசித்திருந்தார். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், சாயங்கால வெயில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏணியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் காலடியில். மேளக்காரர்கள் முன்னால் போனார்கள், சித்தி மற்ற பெண்களோடு பின்னால் நடந்து வந்தார்.

பெரிய தெரு முனையில் அப்பா வண்டியை மறித்து, எப்போதும் போல வாய்க்கால் கரையோடு சுற்றிப் போய்விடலாமே என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் முகம் நன்றாக இல்லை. ஏதோ பயந்திருக்கிறார் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"பாய் சொல்லியிருக்காரு அண்ணே, மேடு பள்ளம் ஆகாதுன்னு," என்றார் சித்தப்பா. "நல்ல ரோட்டுலதான் போகணும்."

வண்டி பெரிய தெருவுக்குள் நுழைந்தது. பாதித் தெரு போனதும் நடுவில் ஒரு மொட்டை வண்டி குறுக்கே நின்றது. மாடு பூட்டவில்லை. மேளம் நின்றது. பக்கத்து வீட்டு வாசலில் நாலைந்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். சித்தப்பா ஹாரன் அடிக்கவில்லை. இறங்கவும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்து வியர்த்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த வீட்டுப் படியில் என் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி வாயைப் பிளந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வரிசை. நான் எழுந்து நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"ஏறிக்கடி. கதவு தெறக்காது, மேலால வா."

அவள் ஓடிவந்து ஏணியில் ஏறிவிட்டாள். ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணின் வளையல்களைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களில் ஒருவர், அவள் அப்பா, விறுவிறுவென்று வந்தார். அவளை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். அவள் இறங்க மாட்டேன் என்று சாமந்திச் சரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரம் அறுந்து பாதி அவள் கையோடு போனது. அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு அவளைக் கீழே விட்டுவிட்டு, மொட்டை வண்டியின் நுகத்தடியைப் பிடித்து ஓரமாக இழுத்து நிறுத்தினார். ஏன் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சித்தப்பா கியர் போட்டார். மேளக்காரர்கள் அதுவரை வாசிக்காத வேகத்தில் வாசித்தார்கள்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டு, ஆரத்தி எடுத்து எல்லோரும் உள்ளே போனார்கள். சித்தப்பா மட்டும் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சித்தியைப் பார்த்து, "ஏறு," என்றார்.

சித்தி ஏணியைப் பார்த்தார். பின் சீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் ஏணியை எடுத்து முன்பக்கம் சாத்தி, ஏறி, சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். நான் விடுவேனா, பின்னால் தாவிக்கொண்டேன். பஸ் ரோடு வரைக்கும் போய், பிள்ளையார் கோயிலைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் பெரிய தெருவுக்குள் வந்தோம். இந்த முறை மேளம் இல்லை, கூட்டம் இல்லை. நிறைந்த எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போவது போல வண்டி அலுங்காமல் போனது.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஓய்வே இருக்கவில்லை. எங்கள் தெருவைப் போலவே ரோடு சரியில்லை என்று சொல்லப்பட்ட தெருக்கள் பெரம்பலூர் வரைக்கும் நிறைய இருந்தன, அத்தனை பேரும் தேடி வந்தார்கள். இரண்டு வருஷத்தில் கொட்டிலில் மாடு நின்றது. அப்பா மட்டும் கடைசி வரைக்கும், டீசலாக இருந்தால் இன்னும் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக் கேட்டேன்.

"இந்த ரோட்ட எப்ப சித்தப்பா சரி பண்ணாங்க?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. அவ்வளவு நாளாகப் பேசாமலிருந்த சித்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இப்பத்தான்."

நான் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, புதிதாகப் போட்ட ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று வீடு வந்து சேரும்வரை தேடிக்கொண்டே வந்தேன்.