தேயிலைப் பெட்டியைத் தட்டியது யார்?

வீட்டில் வைத்துப் பாட்டுப் பதிவு செய்வது என்பது தகரக் கூரையோடும், கோழியோடும், பக்கத்து வீட்டுத் தாளிப்புச் சத்தத்தோடும் சண்டை போடுகிற தொழில். நொந்துபோனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அண்ணன் ராஜுவுக்குத் தேயிலை ஆலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஓர் இசைக்குழுத் தலைவர், “வாசிச்சு ஒரு கேசட் அனுப்பு, நல்லா இருந்தா டிரம்ஸுக்கு உன்னையே வெச்சுக்கிறேன்” என்றிருந்தார். இல்லையென்றால் ஆயுசுக்கும் தேயிலைத் தூசிதான். பல்கலைக்கழக விடுமுறையில் தோழியின் கிட்டாரோடு வந்திருந்தேன். விடுமுறை முடிவதற்குள் கேசட் தயாராக வேண்டும்.

எங்கள் டிரம்ஸ்

பெரிய டிரம்முக்குத் தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டி. சின்னதுக்கு பிஸ்கட் டின். பேட்டரியில் ஓடும் ஒரே டேப் ரெக்கார்டர்; மைக் அதற்குள்ளேயே. டிரம் அடுப்படியில், கிட்டார் டேப்புக்குப் பக்கத்தில், சுவரெல்லாம் சாக்கு. மத்தியானம் பனி இறங்கி மலையே அடங்கியதும் ஆரம்பித்தோம்.

கொஞ்ச நேரத்தில் லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. அடுத்த வீட்டு மாரியக்கா தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, அழத் தயாராக வந்திருந்தார். பனிக்குள் கேட்டால் பெட்டிச் சத்தம் எழவுக்கு அடிக்கிற தப்பு மாதிரி இருந்ததாம். டிரம்ஸ் வேறு, தப்பு வேறு. அப்படியே தப்பாக இருந்தால்தான் என்ன இழிவு என்று நான் வாதாடினேன். அக்கா முடியை முடிந்துகொண்டே சொன்னார்: “ஆளு செத்த பிறகுதான் அடிப்பாங்க. நீங்க அடிச்சுட்டு ஆளு தேடுறீங்களா?”

கூட ஒரு கை

பதிவானதைப் போட்டுக் கேட்டோம். அண்ணன் நிறுத்துகிற இடங்களில் மெதுவாக ஓர் அடி கூடுதலாக விழுந்தது. கூரையின் எதிரொலி என்றேன். நிரூபிக்காமல் விடுவேனா? பெட்டியைத் தூக்கி வெளியே பனியில் வைத்துவிட்டு, அண்ணனைக் கையைக் கட்டி உட்காரச் சொல்லி, கிட்டாரை மட்டும் வாசித்துப் பதிவு செய்தேன்.

திரும்பக் கேட்டபோது கிட்டாரோடு பெட்டியும் இருந்தது. ஒரு தாளம் பிசகவில்லை. நான் தடுமாறிய இடத்தில் எனக்காகக் காத்திருந்தது. அண்ணன் கட்டிய கையை எடுக்காமலே கேட்டான்: “தங்கச்சி, நீ வாசிக்கிறதுக்கு முன்னாடியே அது ஆரம்பிச்சிருச்சே, கவனிச்சியா?”

பிரிஞ்சாங் ரேடியோ கடை

பழைய கேசட்டில் எதுவோ அழியாமல் இருக்கும் என்று அடுத்த வாதத்தைப் பிடித்தேன். பிரிஞ்சாங் டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பாயிடம் புதுக் கேசட் வாங்கி, அவர் கண்ணெதிரே, அவர் கடையிலேயே கிட்டார் வாசித்து எங்கள் டேப்பில் பதிவு செய்தேன். அங்கே பெட்டியும் இல்லை, டின்னும் இல்லை. பாய் காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார். கழற்றினார். கடைக் கதவைப் பார்த்தார். காந்தமா, பெல்ட்டா, என்ன கோளாறு என்று நான் விடாமல் கேட்க, அவர் டேப்பை என் பக்கம் தள்ளினார்: “கூலி வேணாம்லா. வந்தவங்க எல்லாரும் ஒண்ணா கிளம்புங்க.”

ஈப்போவின் பதில்

வேறு வழியில்லாமல் முதல் கேசட்டையே கொண்டுபோனோம். அண்ணன் கல்யாணத்துக்கு வைத்திருந்த சட்டையைப் போட்டிருந்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். கூட அடிப்பது யார் என்று கேட்டார். வாசித்ததெல்லாம் அண்ணன் ஒருவன்தான் என்று தொண்டை கட்டும்வரை வாதாடினேன். அவர் சிரித்து, அண்ணனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்: “தம்பி கை பரவால்ல, போய்ப் பழகட்டும். பின்னால மெதுவா அடிக்கிறாரே, அவர நாளைக்குக் காய்கறி லோரியில ஏத்தி அனுப்புங்க.”

வேலை கிடைக்கப் படிப்பு வேண்டும், சிபாரிசு வேண்டும் என்று ஆயிரம் சொல்கிறார்கள், உடம்புகூட வேண்டியதில்லை என்பதுதான் வீட்டில் பதிவு செய்து நான் கண்டது.