தெஹாயின் இடம் மாறிய துண்டுகள்

எங்கள் சாங்சுன் நகரில் கல்யாண மேடையில் பேசுவதற்கு சியு தெஹாயை விட்டால் ஆளில்லை. அவன் பேசுவான், ஒலிபெருக்கி என் பொறுப்பு. மணமக்கள் கட்டிலில் பேரீச்சையும் வேர்க்கடலையும் தூவி, "சீக்கிரம் பிள்ளை பெறுங்க" என்று ஒன்பது வருடமாக ஊரையே வாழ்த்தினான். அவன் வீட்டில் மட்டும் தொட்டில் ஆடவில்லை. மனைவி யுவேலானுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மாமியார் கசாயம் காய்ச்சிக் கொடுத்தே மருமகளின் நாக்கை மரக்கச் செய்திருந்தாள்.

கடைசியில் ஒரு மருத்துவர் இருவர் ரத்தத்தையும் சோதித்தார். தெஹாயின் குரோமோசோம்கள் இரண்டு, தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன.

"எதுவும் குறையல, இடந்தான் மாறியிருக்கு. அதனால உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா விந்தணு கம்மி. பிள்ளைக்குப் போறப்ப துண்டு கூடிடலாம், குறைஞ்சிடலாம். அப்ப கரு தங்காது. சரியா அமையவும் வாய்ப்பிருக்கு," என்றார்.

வேறொருவன் இடிந்து போயிருப்பான். இவனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவன் அம்மா வீட்டில் நாங்கள் எல்லோரும் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, முக்காலி மேல் ஏறி மேடைக்குரலில் ஆரம்பித்தான்.

"பெரியோர்களே, ஒரு அறிவிப்பு. இத்தன வருசமா தப்பு பொண்ணு மேல இல்ல, மாப்பிள்ள மேல."

"கீழ எறங்குடா. இது யாரு வழியில வந்துச்சு?" என்றாள் அம்மா.

"உன் வழியோ, அப்பா வழியோ. நீயும் ரத்தம் குடுக்குறியா?"

"எனக்கெதுக்கு? மாவு காயுது, வந்து மடி." கொஞ்சம் பொறுத்து மருமகளிடம், "அந்தக் கசாயத்த இனிமே அவன் குடிக்கட்டும்," என்றாள். யுவேலான் முகமெல்லாம் மாவோடு சிரித்தாள், விக்கல் வரும்வரை.

மறுவருடம் கரு தங்கியது. ஐந்தாம் மாதம் பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தபோது தெஹாய் மேடையில் இருந்தான். அவன் போன் என் கையில்.

"அப்பனாட்டமே துண்டு மாறியிருக்காம், ஒண்ணும் குறையலையாம். சொல்லிடுங்கண்ணே," என்றாள் யுவேலான்.

மேடையோரம் போய்க் காதில் சொன்னேன். அதன்பின் அவன் மாப்பிள்ளையை மாமனார் பெயரால் அழைத்தான். பெற்றோர் முன் ஒருமுறை வணங்க வேண்டிய ஜோடியை மூன்று முறை வணங்க வைத்தான். மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவனுடைய அறுபது வயதுத் தாய்மாமன் கையைப் பிடித்து, "சீக்கிரம் பிள்ளை பெறுங்க," என்றான்.

"முயற்சி பண்றேன் தம்பி," என்றார் அவர். கூடம் குலுங்கியது.

மகள் பிப்ரவரிப் பனியில் பிறந்தாள், மூன்று கிலோ இருநூறு. வளர்ந்தபின் அவளுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர்.

"சொல்லிக்குவோம். மொதல்ல பல்லு மொளைக்கட்டும்," என்றாள் யுவேலான்.