இரண்டாவது செடி

நெலிதா கொந்தாதோர் அறுவடைக் காலத்தில் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கொக்கிம்போ துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் எங்கள் சமவெளியில் செலரித்தண்டு அறுக்கும் மூன்று மாதமும் அவர் தோள்பையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு ரொட்டியும் இருக்கும். வரப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது, "நிழலுக்கு வாங்க சென்யோரா" என்று கூப்பிட்டால், உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டே, "இங்கயும் நிழல்தான்" என்பார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வயல் தேறியதா இல்லையா என்று சொல்பவர் அவர்தான். தலைநகர் சந்தியாகோவிலிருந்து லாரியோடு வரும் வியாபாரிகளும் எங்கள் ஊர்க்காரர்களும் ஒரு காலத்தில் வயலுக்கு வயல் சண்டை போட்டார்கள். கடைசியில், பதினாறு வயதிலிருந்து பொதிகட்டும் கொட்டகையில் சொத்தைச் செலரி கழித்துக்கொண்டிருந்த நெலிதாவின் கண்ணை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதோடு ஊரில் எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. இன்று ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, நாளை அந்த வீட்டு வயலைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? அறுவடை இல்லாத மாதங்களில் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டுப் பழகாத ஒருவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர் கணவர் வடக்கே தாமிரச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இருபது வருடமாகிறது.

எங்கள் வழக்கம் இது. வியாபாரி வயலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் தொப்பியைத் தோளுக்கு மேலாக எறிவார். அது விழுந்த இடத்துக்கு மிக அருகிலிருக்கும் செடியை நெலிதா பிடுங்குவார். முதலில் கையில் ஏந்தி எடை பார்ப்பார். பார்க்கப் பெரிதாக இருந்து கையில் லேசாக இருந்தால் தண்டுக்குள் பஞ்சு விழுந்திருக்கும். அடுத்து வெளித்தண்டு ஒன்றைக் காதோரம் வைத்து முறிப்பார். டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தொங்கினால் வயல் எப்போதோ தாகத்தில் கிடந்திருக்கிறது. பிறகு கத்தியால் செடியை நெடுக்காகப் பிளப்பார். குருத்து வெளிர் மஞ்சளாக, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால், காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சியவர் மாட்டிக்கொண்டார் என்று பொருள். குருத்தின் நடுவே பூத்தண்டு விறைத்துக் கிளம்பியிருந்தால் மேலே பார்க்க ஒன்றுமில்லை. வாயில் வைத்தால் கசக்கும். லாரி வெறுமனே திரும்பும்.

ஒரு வயலுக்கு ஒரு செடிதான். இரண்டாவது கிடையாது.

நான் நாலு வருடம் கப்பல் சமையலறைகளிலும் அந்நிய ஊர்ப் பழத்தோட்டங்களிலும் சுற்றிவிட்டு ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், திரும்பினேன். அப்பா பவுதிலியோ என்னை அழைத்துவரச் சந்தியாகோவுக்கு வந்தார். புயலால் என் விமானம் நின்று, பிறகு வேறு ஊர் வழியாகச் சுற்றி நான் வந்து சேர ஒன்பது இரவுகள் ஆயின. அத்தனை நாளும் அவர் அத்தை வீட்டில் காத்திருந்தார். இங்கே நாற்றங்காலில் இரண்டு பிளாஸ்டிக் கூடாரங்கள். ஒன்றின் பக்கங்களைப் பகல் காற்றுக்காகச் சுருட்டிவிட்டவர், அதை இறக்க யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தார். நாங்கள் வந்து இறங்கியபோதும் அது சுருட்டியபடியே இருந்தது.

குளிர் பட்ட செலரி நாற்று அன்றைக்கு எதையும் காட்டாது. பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு பனிக்காலம் கடந்துவிட்டது என்று உள்ளே முடிவு செய்துகொண்டு, வயலுக்குப் போனபின் பூக்கப் பார்க்கும். அப்பாவுக்கு இது தெரியும். இரண்டு கூடாரத்து நாற்றையும் கலந்தே நட்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வயலுக்கும் நெலிதாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அவரும் தனக்கென்று ஆறு பாத்தி வைத்திருந்தார். செப்டம்பரில் அப்பாவும் அவரும் வாய்க்காலின் இரு கரைகளில் நின்று பேச ஆரம்பித்தார்கள். அப்பாவை அவர் மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"என்ன தோன் பவுதிலியோ, செலரிக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களா, இல்ல ஞானஸ்நானம் பண்றீங்களா?"

"வேர் ஒரு சாண்கூட இறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் ஊட்டி விடுறேன்."

"ஊட்டுங்க, ஊட்டுங்க. தினம் கொஞ்சமா ஊட்டுங்க. ஞாயித்துக்கிழமை மொத்தமா ஊத்திட்டுப் பூசைக்குப் போறவங்க வயலையெல்லாம் நான் பிளந்து பாத்திருக்கேன்."

"மண் அணைச்சது சரியா இருக்கா, பாருங்களேன்."

"குருத்துக்குள்ள மண்ணு போகாம அணைச்சிருக்கீங்க. இந்த ஊர்ல அதுவே பெரிசு."

அப்பா வார நாட்களிலும் முகம் மழிக்கத் தொடங்கினார். பக்கத்து வயல் சுலேமா என்னிடம் சொன்னாள்: "மக ஊர் சுத்திட்டு வந்தா, அப்பன் வாய்க்கால் சுத்துறாரு. வாய்க்கால்ல மீனா இருக்கு?"

நவம்பரில் ஒருநாள் அப்பா கேட்டேவிட்டார். "ஒரு நாள் சாயங்காலத் தேநீருக்கு வாங்களேன்."

நெலிதா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "உங்க வயலை வெட்டிப் பாத்த அன்னிக்கு வரேன். அதுக்கப்புறம் என்கிட்ட உங்களுக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல, பாருங்க."

வேறு யாருக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

டிசம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்கள் முறை வந்தது. அப்பா காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிவைத்து, அம்மா இறந்தபின் எடுக்காத மேஜைத்துணியை இஸ்திரி போட்டார். வியாபாரி எர்நான் தொப்பியை எறிந்தார். அது ஒரு பாத்தியில் இரண்டு செடிகளுக்கு நட்டநடுவே விழுந்தது.

நெலிதா குனிந்தார். இடப்பக்கச் செடியின் குருத்துக்குள் இரண்டு விரலை இறக்கினார். பிறகு வலப்பக்கத்தில் இறக்கினார். அங்கே விரல்கள் நின்றுவிட்டன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது கிட்ட இருக்கு?" என்றார் எர்நான்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப உங்க இஷ்டம், சென்யோரா."

நெலிதா இடப்பக்கச் செடியைப் பிடுங்கினார். கனமாக இருந்தது. தண்டு சுத்தமாக ஒடிந்த சத்தம் வரப்பில் நின்ற எங்களுக்கும் கேட்டது. பிளந்தார். வெண்ணெய் போல மஞ்சள் குருத்து.

"பிரமாதம். ஏத்துங்கப்பா!" என்றார் எர்நான். அப்பா சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அரிவாள்கள் பாத்தியில் இறங்கின.

நெலிதா கத்தியை மடக்கவில்லை. "இருங்க. மத்ததையும் வெட்டணும்."

"எதுக்கு? ஒண்ணுதான்னு சட்டம் போட்டதே நீங்கதானே."

"ரெண்டும் ஒரே தூரத்துல இருந்துச்சு. நான் தெரிஞ்சே இதை எடுத்தேன்."

அவர் இரண்டாவது செடியைப் பிடுங்கிப் பிளந்து, இரண்டு பாதியையும் உள்பக்கம் தெரியும்படி வரப்பில் வைத்தார். குருத்தின் நடுவில் சுண்டுவிரல் பருமனுக்குப் பச்சையாக ஒரு பூத்தண்டு நின்றது. எர்நான் தொப்பியை எடுத்துத் தட்டினார். அவருக்குக்கூடச் சங்கடமாக இருந்தது. "இப்படிக் கலந்து கெடந்தா ஒவ்வொண்ணாப் பிளந்தா பாக்க முடியும்? மன்னிச்சுக்கங்க, தோன் பவுதிலியோ."

"முதல் தடவையா ரெண்டு வெட்டு," என்று சுலேமா முணுமுணுத்தாள். "அதுவும் இவரு வயல்ல."

லாரி வெறுமனே போனபின் அப்பா நெலிதாவிடம் போனார். "முதல் செடியோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்திட்டு உங்க வீட்டுல எப்படி உக்காருவேன்?"

அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் நான் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். நெலிதாவின் கதவு திறந்திருந்தது. வேலை உடுப்பை மாற்றி நீலக் கவுன் போட்டிருந்தார்; காதில் சிறிய முத்துத் தோடு. சமையலறையில், எதுவும் வைக்காத மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னால வந்தது, சென்யோரா. என்னைக் கூட்டிட்டு வரப் போய்த்தான் ஒன்பது ராத்திரி கூடாரம் தெறந்து கெடந்துச்சு."

"குளிர்னு விரல் வச்சப்பவே தெரிஞ்சுது. யாரால வந்தா என்ன, பூத்தண்டு பூத்தண்டுதான்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கூப்பிட வந்தியா?"

"ஆமா."

"அவர் அனுப்பினாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வரவில்லை. "நானாத்தான் வந்தேன்."

"அப்ப போயிட்டு வா, பொண்ணே."

வீட்டில் அப்பா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று கோப்பைகள் இருந்தன. ரொட்டியை அறுத்து, அவகாடோவைப் பிசைந்து உப்புப் போட்டு வைத்திருந்தார். கதவுச் சத்தம் கேட்டு எழுந்தவர், என் பின்னால் யாருமில்லை என்று பார்த்து உட்கார்ந்தார்.

"தனியாவா வந்தே?"

"நீங்க போய்க் கூப்பிட்டா வருவாங்க. நல்ல துணி உடுத்தி உக்காந்திருக்காங்க, அப்பா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கதவு இன்னும் திறந்தே இருந்தது. ஒரு கையை மேஜையில் ஊன்றினார்; எழுந்திருக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவகாடோ கறுத்துப்போச்சு," என்றார். கரண்டியால் மேலே கறுத்திருந்ததை மட்டும் வழித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் தன் ரொட்டியில் தடவிக்கொண்டார்.