இடுப்பில் இருந்த குழந்தை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதத்தில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. இதுவரை இரண்டு பேருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு ரைஸ் மில் தெரு என்று பெயர். மில் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் வேலை செய்வதற்காக ஒரத்தநாடு, பாபநாசம், லால்குடி என்று எங்கெங்கிருந்தோ வந்து தங்கிவிட்ட முப்பது முப்பத்தைந்து குடும்பங்கள்தான் நாங்கள். ஒரே சாதி கிடையாது, ஒரே ஊரும் கிடையாது. மில் ஒன்றுதான் எங்களுக்குள் பொது. என் அப்பா அங்கே கிளார்க். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் யார் வீட்டுப் பழைய சங்கதி வேண்டுமென்றாலும், "போஸ்ட் ஆபீஸ் அக்காவைக் கேளுங்க" என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது, அது கையைவிட்டுப் போக ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது.

போனது தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்ணிடம். குத்தாலம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒருநாள் யாரோ ஒரு பழைய குரூப் போட்டோவைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். மில்லில் வருடா வருடம் ஆயுத பூஜை அன்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் படம். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களைக் கேட்டு வாங்கினாள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு தலைக்கு மேலும் சிவப்பில் நம்பர் போட்டு எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் அனுப்பினாள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், "பதினாலாம் நம்பர் எங்க சித்தப்பா" என்று குரல் செய்திகள் வந்து குவிந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு எழுத மனசு வரவில்லை. இந்தத் தெருவில் பிறக்காதவள், மில் சங்கு ஊதி ஒருநாளும் கேட்காதவள், எங்கள் ஆட்களுக்கு நம்பர் போடுகிறாளே என்று இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் சொந்தத் தம்பியே போன் செய்து, "அக்கா, அந்தப் பொண்ணு என்னமா வேலை பண்ணுது பாத்தியா?" என்றான். கரண்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவள் என் வீட்டுக்கும் வந்தாள். "அக்கா, உங்க அப்பா மில்லுல கிளார்க்கா இருந்தாராமே. உங்ககிட்ட படம் ஏதாவது இருக்குமா?" என்றாள்.

"எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சும்மா" என்றேன்.

பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் மூன்று படங்கள் பத்திரமாக இருந்தன. அதோடு நிறுத்தினேனா? இல்லை. "ஒரிஜினலை எல்லாம் கடையில கொடுக்காதீங்க, தொலைஞ்சா யார் பதில் சொல்றது?" என்று நாலு வீட்டில் சொல்லி வைத்தேன்.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவருடைய தாயார் மில் களத்தில் நெல் காயவைத்தவர். மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். இவருக்குத் தன் அம்மாவின் முகமே நினைவில்லை. படம் ஒன்றுகூடக் கிடையாது. குரூப் போட்டோ எடுத்தாலும் ஆபீஸ்காரர்களுக்குத்தான் பிரதி கிடைக்கும், களத்துப் பெண்களுக்குக் கிடைக்காது. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் அம்மா முகம் கிடைத்துவிடாதா என்று தினமும் வேலை முடிந்ததும் ஜெராக்ஸ் கடையில் போய் நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்திருக்கிறார். அவர் அம்மா வேலை பார்த்த வருடத்துப் படம் மட்டும் அங்கே இல்லை.

இதை மாவு மெஷினில் யாரோ சொல்லக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். என் மூன்று படங்களில் ஒன்று நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே வருடம்தான். பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு வயது இருக்கலாம்.

இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுமே!

அன்று சாயங்காலமே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். "இதுதான் உங்கம்மா" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார்.

"எங்க அப்பா சொல்லியிருக்காரு" என்றேன். அப்பா அப்படி எதையும் சொன்னதே இல்லை.

"அப்ப இடுப்புல இருக்கறது நானா?"

"பின்னே வேற யாரு?"

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் நான் நினைத்தது இதைத்தான்: இவர் படத்தைப் பெரிதாக்க அந்தக் கடைக்குத்தானே போயாக வேண்டும், அவள் பார்க்கட்டும்.

பார்த்தாள். "இத்தனை நாள் கிடைக்காத படத்தை நம்ம அக்கா கொடுத்துட்டாங்க" என்று குழுவில் அவளே எழுதினாள். வெள்ளத்தில் போனதாகச் சொன்ன படம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் பாராட்டு மழை. தம்பிகூட மறுபடி போன் செய்தான். வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் அனுபவித்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது அவள் வந்தாள். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். என்னிடம் இருந்த அதே படம், இன்னொரு பிரதி. மில்லில் இன்ஜின் ஓட்டியவரின் மகள் திருச்சியிலிருந்து கொடுத்தனுப்பியதாம்.

"பின்னாடி பேரெல்லாம் எழுதியிருக்குக்கா. நான் தப்பா படிச்சிருக்கலாம். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள்.

திருப்பினேன். பென்சில் எழுத்து, வரிசை வரிசையாகப் பெயர்கள். எழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பாவின் கையெழுத்து! அவர் போடும் அந்தச் சாய்ந்த 'ழ'வை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இன்ஜின்காரர் அப்பாவிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

குழந்தையோடு நின்றவள் வேறு யாரோ. சமையல்கார அம்மாவின் தாயார் பெயர் இரண்டாம் வரிசையில், கடைசியில் இருந்தது. படத்தைத் திருப்பித் தேடினேன். தலையில் முக்காடு போட்டு, கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்தபடி ஒரு பெண். கல்யாணம் ஆகப்போகும் பேத்தியின் முகம் அப்படியே. இத்தனை வருடம் என் பீரோவில் இருந்த முகம், ஒருமுறைகூட என் கண்ணில் படவில்லை.

"குழுவுல இன்னும் போடலைக்கா. யார்கிட்டயும் சொல்லலை. நீங்க போய்ச் சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றாள் அவள். படத்தை என்னிடமே வைத்துவிட்டுக் கிளம்பினாள். காபிகூடக் குடிக்கவில்லை.

அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. வேலையில்தான் என்னை மிஞ்சினாள் என்று பார்த்தால், குணத்திலும் மிஞ்சிவிட்டாளே என்று. கோபப்படக்கூட எனக்கு ஒரு காரணம் மிச்சம் வைக்காமல் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதும், அதே அப்பாவின் கையெழுத்து என் மடிக்கு வந்து விழுந்ததும் என்னைச் சோறு தின்ன விடவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

கூடத்துச் சுவரில் அந்தப் படம் பெரிதாக, சட்டம் போட்டு, சந்தனப்பொட்டும் மாலையுமாக இருந்தது. கீழே ஒரு சின்ன மின்விளக்கு எரிந்தது. "வாங்கக்கா" என்று முகம் மலர வந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். பெயர்களைக் காட்டினேன். உண்மையான முகத்தையும் காட்டினேன்.

"உங்க அப்பா சொன்னாருன்னீங்களே?"

"பொய் சொன்னேன். அந்தக் கடைக்காரப் பொண்ணுக்கு முன்னாடி நான் கொடுக்கணும்னு சொன்னேன்."

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இடுப்புல இருக்கறது நான் இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மாவின் முகத்தை நான் மாற்றிக் கொடுத்தது ஒரு தப்பு. அம்மா இடுப்பில் தான் இருந்த ஒரு நாளை அவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கியது அதைவிடப் பெரிய தப்பு. அது அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு வாரமா... பத்திரிகை அடிச்சது, பொடவை எடுத்தது, எல்லாம் இவங்ககிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் போகவா வேண்டாமா என்று தெரியாமல் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் இரண்டு படங்கள் மாலையோடு இருந்தன. ஒன்று முக்காடு போட்டுச் சிரிக்கும் அவருடைய அம்மா. இன்னொன்று கைக்குழந்தையோடு நிற்கும் அந்த யாரோ ஒருத்தி. ஜெராக்ஸ் கடைப் பெண்தான் இரண்டையும் துடைத்து நேராக வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் இரண்டு என்று கேட்டேன். "கழட்ட மனசு வரலையாம்க்கா. இவங்களும் யாரோட அம்மாவோதானேன்னு சொல்றாங்க" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்து வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார், சிரிக்கவில்லை. பழையபடி என்னிடம் பேச அவருக்கு அடுத்த பொங்கல் வரை ஆனது.

மறுவாரமே என்னிடம் மிச்சமிருந்த இரண்டு படங்களையும், அந்தப் பெயர் எழுதிய படத்தையும் ஜெராக்ஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கிறேன். இதுவரை பதினொரு படங்கள் முடிந்திருக்கின்றன. குழந்தையோடு நிற்பவளின் சொந்தக்காரர்கள் யாரும் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. யாராவது கடைக்கு வந்து என்னைத் தாண்டி அவளிடம் பேசும்போது இன்னமும் உள்ளே சுருக்கென்று தைக்கிறது. ஆனால் யாராவது ஒரு முகத்தைக் காட்டி "இது யாருக்கா?" என்று கேட்டால், நிச்சயமில்லாதபோது "தெரியாதுப்பா" என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருகிறது, அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள நான் இன்னொருத்தியை எவ்வளவு அழ வைத்தேன் என்பது மட்டும் மனதைவிட்டுப் போகவே இல்லை.